முன்வண்டி

முன்வண்டிக்கு ஆணி அடிக்கக்கூடாது. எங்கள் ஊர்த் தமிழர்கள் எல்லோரும் மதித்த ஒரே சட்டம் அது. நான் அதை ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீறினேன்.

ஊரின் பெயர் ஸ்கார்வ்நெஸ். நோர்வேயின் வடமுனையில் ஒரு மீன் தொழிற்சாலையும் அறுநூறு பேரும். அதில் தொண்ணூறு பேர் தமிழர்கள், மீன் வெட்ட வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். குளிர்காலத்தில் பனி ஸ்கூட்டர் இல்லாமல் எங்கும் போக முடியாது. முன்னால் சறுக்குப் பலகை போல இரண்டு ஸ்கீ, பின்னால் சுற்றும் ஒரு ரப்பர்ப் பட்டி. ஸ்கீ திருப்பும். பட்டி தள்ளும். ஐஸில் வழுக்காமலிருக்கப் பட்டியில் ஆணி அடிப்பார்கள். ஸ்கீயின் அடியில் கூரான உருக்குக் கம்பி பூட்டுவார்கள்.

முதலில் வந்த தமிழர்கள் தேய்ந்த பட்டியுள்ள பழைய வண்டிகளைத்தான் வாங்கினார்கள். ஏப்ரலில் ஏரி இளகத் தொடங்கும்போது ஐஸின் மேல் மெல்லிய ஈரம் படரும். மொட்டைப் பட்டி அதில் உடனே வழுக்கும். அவர்கள் பயந்து திரும்பிவிடுவார்கள். நல்ல ஆணி அடித்த வண்டிகள் வழுக்காமல் மேலே போகும். போனவற்றில் சில ஐஸை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. தமிழர் வண்டி ஒன்றும் போகவில்லை. வழக்கம் அங்கிருந்து வந்தது. வரிசையில் முதலாவதாகப் போகும் வண்டிக்கு மொட்டைப் பட்டி. அது வழுக்கினால் எல்லோரும் திரும்ப வேண்டும். பின்னால் வருகிறவர்கள் எத்தனை ஆணியும் அடிக்கலாம்.

முன்வண்டி என் மாமனாருடையது. பெயர் தர்மகுலசிங்கம், ஊருக்குக் குலம் அண்ணை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை அவருடைய மூத்த மகள் ஓட்டினாள். ஏரிக்கு இறங்கும் சரிவில் ஒரு வளைவு இருக்கிறது. வண்டி அங்கே பாறையில் மோதியது. அவள் பெயர் நிரோஜா. என் மனைவி.

மொட்டைப் பட்டிதான் கொன்றது என்று ஊர் சொன்னது. மாமாவும் அதையே சொன்னார். "பட்டி வழுக்கிட்டுது. என்ரை பிழை." பொலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. அதன் பிறகு தமிழ்ச் சங்க மண்டபத்தில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். அவருடைய இளைய மகள் கஜானி அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நானும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

நான் வேலை செய்தேன்.

என் வேலை ஆணி. படித்தது உலோகவியல். துறைமுகத்தில் முன்பு மீனை உறையவைத்த கட்டடத்தில் பனி ஸ்கூட்டர் நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஒரு பட்டறை தந்திருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் பிரணவிக்கும். ஆணிக்குள் ஓடும் மென்பொருள் அவளுடையது.

அந்தச் சனிக்கிழமை மாமா வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் விட்டார்.

"சங்கிலி கிறீச்செண்டு சத்தம் போடுது. ஒருக்காப் பாக்கிறீரோ?"

"விட்டிட்டுப் போங்கோ மாமா. பின்னேரம் எடுக்கலாம்."

அவர் போகவில்லை. மேசையில் கிடந்த ஆணிகளைப் பார்த்தார்.

"உது என்ன, குடை பிடிச்ச மாதிரி?"

"புது ஆணி. இது குத்தாது. ஒட்டும்."

"ஒட்டுமோ?"

"ஈர விரலை ஐஸ் பெட்டித் தட்டிலை வைச்சா ஒட்டுமெல்லே. அதுதான். ஐஸிலை பட்டவுடனை நுனி பூச்சியத்துக்கு நாப்பது பாகை கீழை போகும். அதிலை இருக்கிற ஈரத்தை உறையவைச்சுப் பிடிக்கும். பட்டி சுத்தேக்கை ஒரு பொட்டு சூடாகி விட்டிடும். ஒரு செக்கனுக்கு நூறு தரம்."

"காஞ்ச ஐஸிலை?"

"சுமார். ஈரத்திலைதான் நல்லாப் பிடிக்கும். ஈரம் கூடக்கூடப் பிடியும் கூடும்."

அவர் ஆணியைத் தொடவில்லை. கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன.

"அப்ப முன்னுக்கு? ஸ்கீக்கு?"

"ஸ்கீக்கும் இதே மாதிரி ஒட்டுற கம்பி செய்திருக்கிறன். அந்தா, செம்மஞ்சள்."

"ரெண்டையும் ஒண்டாத்தான் போட வேணும், என்ன?"

"போட்டா நல்லது."

"பின்னுக்கு மட்டும் போட்டா?"

"கணக்குப் பாத்திருக்கிறன் மாமா. பின்பிடி முன்பிடியைவிட முப்பது வீதத்துக்கு மேலை போகாட்டிப் பயமில்லை."

"கணக்கு," என்றார். பிறகு, "என்ரை வண்டிக்கு உதொண்டும் வேண்டாம்."

"தெரியும்."

இரண்டு வருடங்களில் நாங்கள் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் போன பிறகு சங்கிலியை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. பிறகு பட்டியின் நடுவில் தொண்ணூற்றாறு ஆணிகளைப் பதித்தேன்.

இந்த ஆணி வண்டி ஓடும்போதுதான் வெளியே வரும். நின்றால் ரப்பருக்குள் போய்விடும். பட்டறையில் இருந்தும் உள்ளே இழுக்கலாம். குனிந்து பார்த்தாலும் தெரியாது. ஸ்கீக் கம்பியை நான் பூட்டவில்லை. அது செம்மஞ்சள். நூறு மீற்றரில் இருந்தே தெரியும்.

இரண்டு காரணங்கள் இருந்தன. அந்த வண்டி இன்னொருவரைக் கொல்லக்கூடாது என்பது ஒன்று. மற்றது, ஆணி பாதுகாப்பானது என்று செவ்வாய்க்கிழமை நிறுவனத்துக்கு நான் கையெழுத்திட்டால் அடுத்த குளிர்காலத்தில் நானூறு வண்டிகளில் இந்த ஆணி வரும். அதற்கு இயற்கையான ஐஸில் நூறு கிலோமீற்றர் ஓடிய பதிவு வேண்டும். என்னிடம் எண்பத்திரண்டுதான் இருந்தது. ஏரிக்குப் போய்வர இருபத்துநான்கு. முதல் காரணத்தை மட்டும்தான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். பதிவுக்கருவியை இருக்கைக்குக் கீழே ஒட்டினேன்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வரிசை புறப்பட்டது. பதினான்கு வண்டிகள், இருபத்தாறு பேர், பின்னால் இழுத்துப்போகும் ஸ்லெட்களில் பிள்ளைகளும் சட்டிகளும். பருவத்தின் கடைசி மீன்பிடி. அதற்கு முந்திய மூன்று நாட்களும் மழை. சனி இரவு உறைந்து, மேலே ஒரு விரல் புதுப்பனி கொட்டியிருந்தது. எல்லாம் வெள்ளையாக, நல்லதாகத் தெரிந்தது. ஏரியில் துளையிட்டுப் பார்த்த தகவல் வியாழக்கிழமையோடு நின்றுபோயிருந்தது.

பதினொன்றுக்குப் பிரணவி பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி றோல்ஸ்.

"அம்மா தந்தவ. நீங்கள் மெலிஞ்சு போனியளாம். எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னன்." திரையைப் பார்த்தாள். "ஆ, ஓடுது. ஆற்றை வண்டி உது?"

"மாமான்ரை."

அவள் றோல்ஸைக் கடிக்காமல் கீழே வைத்தாள்.

"முன்வண்டியோ?"

"ஓம்."

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அண்ணா, உங்களுக்கு விசரோ?"

திரையில் எண்கள் மாறின. பதிவுக்கருவி வானிலுள்ள செய்மதி வழியாகப் பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். இடம், வண்டியின் வேகம், பட்டியின் வேகம், பிடி, ஓட்டுகிறவர் வேகம் கூட்ட அமர்த்தும் விசை. ஊரை விட்டு வெளியேறும்போது பிடி நூற்றுக்கு எண்பது. இப்போது வரிசை மேட்டின் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எண்பத்தாறு. அடுத்தது தொண்ணூற்றொன்று.

"பாத்தியா," என்றேன். "ஏறுது."

"ஏன் ஏறுது?"

"நல்லாப் பிடிக்குது."

"அதே ஆணி. அதே வண்டி. அதே மனுசன். என்ன மாறினது?"

"ஈரம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

பிரணவி மெதுவாகக் கேட்டாள். "மொட்டைப் பட்டியெண்டா இப்ப என்ன செய்திருக்கும்?"

"வழுக்கியிருக்கும்."

"மாமா?"

"திரும்பியிருப்பார். இந்த நேரம் எல்லாரும் வந்துகொண்டிருப்பினம்."

தொண்ணூற்றைந்து. இந்த மேட்டிலேயே புதுப்பனிக்குக் கீழே இவ்வளவு ஈரம் என்றால் ஏரி எப்படி இருக்கும்? மேட்டின் மறுபக்கம் சரிவு. சரிவின் அடியில், ஓடை வந்து ஏரியில் விழும் இடம். ஓட்டம் உள்ள இடத்தில் ஐஸ் எப்போதும் மெலிந்திருக்கும். பதினான்கு வண்டிகளும் அதன் மேலாகத்தான் ஏரிக்குள் இறங்கும். ஆணி அங்கேதான் மிக நன்றாகப் பிடிக்கும். தண்ணீருக்குள் விழும் விநாடி வரை பிடிக்கும்.

மாமாவின் போனுக்கு எடுத்தேன். அடித்தது. எடுக்கவில்லை. கஜானிக்கு எடுத்தேன். றெஜிக்கு எடுத்தேன். அவன் எப்போதும் இரண்டாவது வண்டி. திரும்பத் திரும்ப எடுத்தேன். எல்லோருடைய போனும் மூன்று உடுப்புக்கு உள்ளே. எல்லோர் தலையிலும் ஹெல்மெட். மீன்பிடிக்கும் இடத்தில் நிற்கும் வரை யாரும் எடுக்கப்போவதில்லை.

பிரணவி மீட்பு நிலையத்தோடு நோர்வேஜிய மொழியில் பேசினாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "ஹெலிகொப்டர் வர நாப்பது நிமிசமாம்."

"அவைக்கு ரெண்டு நிமிசம் இருக்கு."

"அப்ப ஆணியை உள்ளை இழுங்கோ. இஞ்சையிருந்து ஏலுமெல்லே. மொட்டையாக்குங்கோ. வழுக்கட்டும்."

"இப்ப ஏலாது."

"ஏன்?"

நான் திரையில் வளைவைக் காட்டினேன். வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தது. வளைவுக்கு நடுவில் பிடியை எடுத்தால் வண்டி நிரோஜா போன இடத்துக்குப் போகும். இந்த முறை நான் பொத்தானை அமர்த்தியதால் போகும்.

"வளைவு தாண்டட்டும்," என்றேன்.

பன்னிரண்டு விநாடி. வேகம் முப்பது. பன்னிரண்டு விநாடி. முப்பது. ஒவ்வொரு தகவலுக்கும் இடையில் வண்டி நூறு மீற்றர் போகிறது. நான் பார்ப்பது எப்போதும் அது இருந்த இடம். இருக்கும் இடம் அல்ல.

அடுத்தது வளைவு. வேகம் ஒன்பது. விசை பூச்சியம்.

"நிண்டிட்டாரோ?" என்றாள்.

"இல்லை. விசையை விட்டிருக்கிறார். வளைவுக்கு முன்னுக்கே."

"இவ்வளவு பிடி இருக்கேக்கை ஏன் விட வேணும்?"

எனக்கும் விளங்கவில்லை. வண்டி போன கோடும் சரியில்லை. வளையவேண்டிய இடத்தில் மூன்று நான்கு மீற்றர் நேராகப் போய், பிறகு மெதுவாக வளைந்திருந்தது. யோசிக்க நேரமில்லை. அடுத்த தகவலில் வண்டி வளைவைத் தாண்டியிருந்தது. வேகம் இருபத்தைந்து. கரைக்கு இருநூற்றைம்பது மீற்றர். பிடி தொண்ணூற்றொன்பது.

கட்டளை போய்ச் சேரவும் பன்னிரண்டு விநாடி ஆகலாம். இரண்டு விநாடியும் ஆகலாம். கீழ்ச்சரிவில் வழுக்கினால் பின்னால் வரும் வண்டிகள் அவர் மேல் ஏறும். பிந்தினால் எல்லோரும் ஐஸின் மேல் நிற்பார்கள்.

"அண்ணா."

"இன்னும் ஒண்டு வரட்டும்."

"அண்ணா, காணும். அமத்துங்கோ."

அடுத்த தகவல் வந்தது. நூற்று அறுபது மீற்றர். அமர்த்தினேன்.

பிறகு எதுவும் வரவில்லை. பன்னிரண்டு விநாடி போனது. திரையில் அதே எண்கள். இன்னொரு பன்னிரண்டு. ஒரு தகவல் தவறுவது வழமை. பிரணவி என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நிரோஜாவைப் பற்றி நினைக்கவில்லை. எதைப் பற்றியும் நினைக்கவில்லை. மேசையில் எண்ணெய் பட்ட றோல்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது.

பட்டியின் வேகம் நாற்பத்தொன்று. வண்டியின் வேகம் நான்கு.

"வழுக்குது," என்றாள் பிரணவி. இடம் பார்த்தேன். கரையைத் தாண்டி முப்பது மீற்றர். ஏரிக்குள்.

அடுத்தது. வேகம் பூச்சியம். அடுத்தது. பூச்சியம். அடுத்தது. வண்டி திரும்பியிருந்தது. முகம் கரையைப் பார்த்து இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்துக் கஜானியின் போன் வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அத்தான், ஒம்பது தரம் எடுத்திருக்கிறியள். என்ன?"

"எல்லாரும் எங்கை?"

"கரையிலை. அப்பா திரும்பச் சொல்லிட்டார். கரை எண்டு நினைச்ச இடம் கரையில்லை, பனி மூடியிருந்தது. முன்வண்டி வழுக்கினவுடனை கையைத் தூக்கினார். நாங்கள் அப்பிடியே நிண்டிட்டம். அப்பா இறங்கி உளியாலை குத்திப் பாத்தார். நாலு விரல் தடிப்பில்லை. கீழை தண்ணி ஓடுறது தெரியுது."

"ஆரும் விழுந்ததோ?"

"றெஜி அண்ணையின்ரை ஸ்லெட் ஒரு பக்கம் இறங்கிட்டுது. வெட்டி விட்டிட்டம். ஆக்களுக்கு ஒண்டுமில்லை. இறைச்சிச் சட்டிதான் போட்டுது."

பின்னால் றெஜியின் குரல் கேட்டது. "மூண்டு கிலோ ஆடு. மீனுகள் எங்களைப் பிடிக்கிற முறை இது."

யாரோ சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். பிரணவி மீட்பு நிலையத்துக்குத் திரும்ப எடுத்து, ஹெலிகொப்டர் தேவையில்லை என்றாள்.

ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தார்கள். பட்டறையை ஒட்டியது சங்க மண்டபம். பழைய கட்டடத்தின் மற்றப் பாதி. எல்லோரும் அங்கே போய் ஹீற்றரைச் சுற்றி நின்றார்கள். இடைக்கதவு வழியாகச் சத்தம் கேட்டது. பிரணவி மிச்ச றோல்ஸை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். மாமா மட்டும் என்னிடம் வந்தார். மீசையில் ஐஸ். ஹெல்மெட்டை மேசையில் வைத்தார்.

"பட்டியைக் கையாலை தடவிப் பாத்தன்," என்றார். "தொண்ணூற்றாறோ?"

"ஓம் மாமா."

"கரையிலை நிப்பாட்டினதும் நீர்தான்."

"ஓம்."

"பிந்தியெண்டாலும் நிப்பாட்டினீர்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கையுறையைக் கழற்றி விரல்களை ஊதினார்.

"மேலை ஏறேக்கை நான் நினைச்சன், ஐஸ் நல்லா இருக்கு எண்டு. வழுக்கேல்லையெல்லே. வளைவிலைதான் சந்தேகம் வந்தது. கொஞ்சம் நேராப் போச்சு. சரிவிலை நிக்கேலாது, பின்னாலை பதின்மூண்டு வண்டி. கரையிலை நிப்பாட்டிப் பாப்பம் எண்டு வந்தன்."

"வளைவிலை விசையை விட்டிட்டியள்."

"அந்த வளைவிலை நான் எப்பவும் விடுறனான். இந்த ரெண்டு வரிசமா. பட்டி தள்ளினா ஸ்கீ கேக்காது. நேராப் பாறைக்குத்தான் போகும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"மாமா, மொட்டைப் பட்டி நேராத் தள்ளாது."

அவர் கையுறையை ஹெல்மெட்டின் மேல் வைத்தார்.

"மொட்டைப் பட்டியெண்டாப் பின்பக்கம் வெட்டி வழுக்கும். வண்டி சுத்தும். பட்டிக்குப் பிடி கூடி ஸ்கீக்குப் பிடி குறைஞ்சாத்தான் நேராப் போகும். உங்கடை வண்டியிலை இண்டைக்கு முதல் அப்பிடி நடந்திருக்க ஏலாது. நீங்கள் அதை எங்கை பாத்தனீங்கள்?"

மண்டபத்தில் றெஜி ஆட்டிறைச்சிக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தான். சிரிப்புச் சத்தம். மாமா இடைக்கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

"அவள்தான் அடிச்சவள்," என்றார். "உம்மடை முதல் ஆணி. இருபத்திநாலு."

"எந்த ஆணி?"

"வேலை செய்யேல்லை எண்டு நீர் கழிவுப் பெட்டிக்கை போட்டது. எனக்குக் காய்ச்சல். கட்டிலுக்குப் பக்கத்திலை வந்து நிண்டு சொன்னாள். அப்பா, உது ஒட்டாது, ஆனா ரப்பரிலை நிக்குதோ கழண்டு விழுதோ எண்டாவது பாத்துச் சொன்னா அவருக்கு உதவியா இருக்கும் எண்டு. ஒட்டாத ஆணி தானே, வழுக்கிற நேரம் வழுக்கும், முன்வண்டிக்குப் பிழையில்லை எண்டாள். நான் சிரிச்சன். சரி எண்டன்."

அந்த ஆணிகள் எனக்கு நினைவிருந்தன. கையால் செய்தவை. பரிசோதனை மேசையில் ஒன்றுகூட ஒட்டவில்லை. மேசையில் இருந்தது காய்ந்த ஐஸ். ஈரம் வேண்டும் என்று எனக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது. அதுவரை அவற்றில் பிழை இருக்கிறது என்று நினைத்தேன்.

பிழை இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது.

"நான் போகேக்கை வண்டி பாறையிலை கிடந்தது," என்றார் மாமா. "மற்றவை அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிட்டினம். நான் தனிய. பனியிலை கோடு பாத்தன். ஒரு வளைவும் இல்லை. அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி. வீட்டை இழுத்துக்கொண்டு வந்து, பொலீஸ் வர முதல் ஒவ்வொண்டாக் கழட்டினன்."

"வழுக்கினது எண்டு சொன்னீங்கள்."

"வேறை என்ன சொல்ல? உமக்கு அப்ப இருபத்தொம்பது வயசு."

மேசையில் கணினி திறந்திருந்தது. எண்களைப் போட்டேன். கைகள் தாமாகவே போட்டன. நடுவில் இருபத்துநான்கு ஆணி, ஈர ஐஸ், சாதாரண ஸ்கீக் கம்பி, அந்த வளைவு. எந்த வேகத்துக்கு மேல் வண்டி திரும்பாது? விடை வந்தது. மணிக்குப் பதினாறு கிலோமீற்றர். பிள்ளைகள் சைக்கிள் ஓடும் வேகம்.

மொட்டைப் பட்டியில் வேகமாக ஓடினாள் என்று சிலர் சொல்லியிருந்தார்கள். நானும் சில நாட்கள் அப்படி நினைத்தேன். முப்பது வீதம் வரை பயமில்லை என்ற என் கணக்கு காய்ந்த ஐஸுக்கு மட்டும்தான் சரி. இன்று காலை மாமா விசையை விடாமல் போயிருந்தால் அதே கோடு விழுந்திருக்கும். அவருக்குப் பின்னால் கஜானியின் மகள் ஸ்லெட்டில் இருந்தாள்.

"ஏன் இப்ப சொல்லுறியள்?"

"செவ்வாய்க்கிழமை கையெழுத்தாமே. பிரணவி சொன்னாள். நானூறு வண்டி." அவர் ஹெல்மெட்டை எடுத்தார். "உமக்கொருத்தருக்காக நான் வாயை மூடலாம். நானூறு வீட்டுக்கு மூடேலாது. கையெழுத்துப் போடாதேயும், தம்பி. அவ்வளவுதான். மற்றது எங்களுக்குள்ளை இருக்கட்டும்."

"எது?"

"உது. அவையளுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னைத் திட்டிப் பழகிட்டினம். எனக்கும் பழகிட்டுது."

நான் நிறுவனத்துக்கு நாலு வரி எழுதினேன். ஆணி ஈரத்தை மறைக்கிறது. ஸ்கீயை மீறுகிறது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவர் இறந்திருக்கிறார். கையெழுத்திட மாட்டேன். அனுப்பிவிட்டு எழுந்தேன்.

"எங்கை போறீர்?"

இடைக்கதவைத் திறந்தேன்.

சூடு முகத்தில் அடித்தது. ஈரக் காலுறைகள் ஹீற்றரின் மேல் வரிசையாகக் காய்ந்தன. றெஜி ஒரு காலில் நின்று மற்றக் காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். கஜானி தன் மகளுக்கு றோல்ஸ் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ இஞ்சினியர்," என்றான் றெஜி. "மூண்டு கிலோ ஆட்டுக்கு உங்கடை கொம்பனி பொறுப்போ?"

சிலர் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. கஜானி நிமிர்ந்தாள். மாமா என் பின்னால் வரவில்லை. பட்டறையில் அவர் கதிரையில் உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்டைக்கு வண்டி வழுக்கேல்லை," என்றேன்.